டிரம் கோர் காட்சிக்கு நாலு பேர் போனால் 170 டாலர்: கூட்டம் எங்கிருந்து வரும்?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 8

பையன் ஒன்பதாம் வகுப்பு, பள்ளி பேண்டில் டிரம்பெட் வாசிக்கிறான். போன கோடையில் அவன் நச்சரிப்பு தாங்காமல் குடும்பத்தோடு ஒரு டிரம் கோர் காட்சிக்குப் போனோம். பித்தளை வாத்தியமும் டிரம்மும் வாசித்தபடி இளைஞர் குழுக்கள் (கோர்கள்) மைதானத்தில் அணிவகுத்துப் போட்டி போடும் நிகழ்ச்சி. நாலு டிக்கெட், பார்க்கிங், உள்ளே ஹாட் டாக், தண்ணீர், அவனுக்கு ஒரு டி-ஷர்ட், எல்லாம் சேர்த்து 170 டாலர். காட்சியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இரண்டு ஓரத்துக் கேலரியும் காலியாகக் கிடந்தது. டிக்கெட்டைப் பாதி விலைக்குக் கொடுத்தால் நிறைந்துவிடுமே, ஏன் செய்ய மாட்டேன் என்கிறார்கள்? வீட்டுக்காரருக்கு நவம்பரில் வேலை போய்விட்டது. இந்த வருஷம் 170 டாலர் எங்களால் முடியாது. பையனிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

பிப்ரவரி 8, இரவு

பையனிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்லாதீர்கள். போக வழி இருக்கிறது.

நான் இருப்பது பென்சில்வேனியாவில். மகள் மூன்று கோடை ஒரு கோரில் மெலஃபோன் என்ற பித்தளை வாத்தியம் வாசித்தாள். எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியின் பேண்ட் பெற்றோர் சங்கம் ஒவ்வொரு ஜூலையும் பள்ளி மைதானத்தில் டி.சி.ஐ. (டிரம் கோர் போட்டிகளை நடத்தும் டிரம் கோர்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பு) காட்சி ஒன்றை நடத்துகிறது. ஆறு வருஷமாக அதன் கணக்கு நோட்டு என்னிடம். அதனால் பாதி விலை யோசனை ஏன் ஓடாது என்று சொல்ல முடியும்.

வருகிற கோர்களுக்கான தொகை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். அப்புறம் மைதானத்து விளக்கு, போலீஸ், ஆம்புலன்ஸ், தற்காலிகக் கழிப்பறை, காப்பீடு. ஆயிரம் பேர் வந்தாலும் மூவாயிரம் பேர் வந்தாலும் இவை அப்படியேதான் இருக்கும். மிச்சம் இருப்பதுதான் பள்ளி பேண்டுக்கு. விலையைப் பாதியாக்கினால் ஆள் இரண்டு மடங்கு வந்தால்தான் அதே பணம் கைக்கு வரும். எங்கள் நடுக் கேலரி ஏற்கெனவே நிறைந்துவிடுகிறது. இரண்டு மடங்கு ஆளை உட்கார வைக்க இடம் கிடையாது.

உங்களுக்கான வழி: காட்சி நடத்தும் சங்கத்துக்கு எழுதி, வேலைக்கு ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். எங்கள் ஊரில் பார்க்கிங்கிலோ கேட்டிலோ இரண்டு மணி நேரம் நிற்பவர்கள், வேலை முடிந்ததும் உள்ளே வந்து மீதிக் காட்சியைப் பார்க்கலாம். கடைசியில் வருவதுதான் பெரிய கோர்கள்.

பிப்ரவரி 9, காலை

நேற்று எழுதியதில் ஒரு பெரிய ஓட்டை. படுத்த பிறகுதான் உறைத்தது.

செலவு மாறாது என்று சொன்னேன். அப்படியானால் காலியாகக் கிடக்கும் ஓரத்து இருக்கைக்கு யாராவது ஐந்து டாலர் கொடுத்தாலும் அது முழுதும் வரவுதானே? விலையை மொத்தமாகக் குறைப்பது வேறு, ஓரத்தை மட்டும் குறைப்பது வேறு. இவ்வளவு வருஷமாக நாங்கள் நடுவில் 35, ஓரத்தில் 25 என்று வைத்திருந்தோம். பத்து டாலர் வித்தியாசத்துக்காக யாரும் ஓரத்தில் போய் உட்கார மாட்டார்கள்.

டிரம் கோரில் இடம் முக்கியம். காட்சியை வடிவமைப்பதே நடுவில், உயரத்தில் இருந்து பார்ப்பவர்களுக்காக. முக்கியமான நடுவர்கள் அங்கேதான் உட்காருகிறார்கள். ஆண்டுக்கு ஐந்து காட்சி பார்க்கிறவர் மைதானத்தின் நடுவில் இருக்கும் ஐம்பது கஜக் கோட்டுக்கு மேலே இருபதாவது வரிசைக்கு எவ்வளவு கேட்டாலும் தருவார். அவரிடம் வாங்கலாம். முதல்முறை வருகிறவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது, தெரியவும் வேண்டாம். அவருக்கு உள்ளே நுழைய ஒரு விலை வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி கேட்ட அம்மாவுக்கு: நீங்கள் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியை நான் பார்க்கவில்லை. மன்னியுங்கள்.

பிப்ரவரி 12

நியூஜெர்சிக்காரர் ஒருவர், "பிள்ளைகளிடமே ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்குகிறார்கள், அப்புறம் டிக்கெட்டுக்கும் வாங்கினால் எல்லாப் பணமும் எங்கே போகிறது?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. எங்கே போகிறது என்று நானே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பெரிய கோரில் வாசிக்கிறவர்களும் கொடி சுழற்றி ஆடுகிறவர்களும் சேர்ந்து 150க்கு மேல். ஆசிரியர்கள், ஓட்டுநர்கள், சமையல் ஆட்கள் சேர்ந்தால் 200 தாண்டும். நாளைக்கு நாலு வேளைச் சாப்பாடு. 800 தட்டு. இது ஒரு நாள் கல்யாணப் பந்தி இல்லை, கோடைப் பயணம் முழுதும் அநேகமாகத் தினமும் ஒரு புது ஊரில் பந்தி. மகளின் இரண்டாவது கோடையில் ஒரு வாரம் சமையல் லாரியில் வேலை செய்தேன். லாரியின் பக்கவாட்டுக் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு முழுச் சமையலறை. விடியற்காலை நாலரைக்கு முட்டை உடைக்க ஆரம்பித்தால் ஏழு மணிக்கு வரிசை வந்துவிடும். முழங்கை வரை வெயிலில் கறுத்த பிள்ளைகள், கையில் கையுறைத் தடம் மட்டும் வெள்ளையாக. ஒருத்தியின் உதட்டில் வாத்தியம் அழுத்திய வளையம் சிவப்பாகத் தெரிந்தது. ஒவ்வொருவரும் தட்டை வாங்கும்போது நன்றி சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார்கள். 200 பேரில் ஒருவர் விடவில்லை.

அடுத்தது டீசல். நாலைந்து பேருந்து, மூன்று நாலு பெரிய லாரி, எட்டு வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 மைல் தூரம், கேலனுக்கு ஆறு மைல் என்றால் வண்டிக்கு 50 கேலன், மொத்தம் 400. கேலன் ஐந்து டாலர் என்றால் ஒரு இரவுப் பயணத்துக்கு 2,000 டாலர் எரிபொருளிலேயே போய்விடும். 2008 கோடையில் டீசல் நாலு டாலரைத் தாண்டியது, 2022 கோடையில் ஐந்தையும் தாண்டியது. ஏற்கெனவே போட்டு வைத்திருக்கும் பயணத்திட்டத்தை அந்த மாதிரி நேரத்தில் சுருக்குவது எளிதில்லை.

பிப்ரவரி 12, மதியம்

மிச்சிகன் அக்கா, தங்குமிடத்துக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டீர்கள். ஓட்டலில் தங்குவதே இல்லை. பள்ளி உடற்பயிற்சிக் கூடத்துத் தரையில் காற்று மெத்தை போட்டுப் படுக்கிறார்கள். மகள் வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு வாரம் கட்டிலை விட்டுத் தரையில்தான் தூங்கினாள்.

பிப்ரவரி 20

பழைய ரசிகர் ஒருவர் எழுதியிருப்பதன் சாரம்: மைக் வந்தது, கம்ப்யூட்டர் ஒலி வந்தது, மைதானம் முழுக்க மேடையும் படிக்கட்டும் வந்தன, செலவு ஏறியது, பழைய கூட்டம் ஓடிவிட்டது.

வரிசை அவர் சொல்வது போலத்தான். 2000இல் ஜி சுருதியில் அமைந்த பியூகிள் என்ற ஊதுகொம்போடு மற்ற சுருதிப் பித்தளை வாத்தியங்களுக்கும் அனுமதி வந்தது. 2004இல் ஒலிபெருக்கி. 2009இல் மின்னணு வாத்தியம். ஒவ்வொன்றுக்கும் லாரியில் இடம் வேண்டும், ஆள் வேண்டும், பணம் வேண்டும். மேடைப் பொருளுக்கு என்றே தனி லாரி வைத்திருக்கும் கோர்களை நான் பார்த்திருக்கிறேன். நான் அவர் பக்கம். நியூஜெர்சியின் கார்ஃபீல்டில் 1934இல் தொடங்கிய கேடட்ஸ், பத்து முறை டி.சி.ஐ. பட்டம் வாங்கிய கோர், 2024இல் மூடியே விட்டார்கள். சாந்தா கிளாரா வேன்கார்ட் பண நெருக்கடியில் 2023 கோடை முழுதும் களத்துக்கே வரவில்லை. இப்படிப்பட்ட பெயர்களே ஆடும்போது எதற்கு அந்த மேடையும் படிக்கட்டும்?

பிப்ரவரி 23

மேலே எழுதியதை மூன்று நாளாகத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். வருத்தத்தில் எழுதியது, கணக்கில் எழுதியதில்லை. கேடட்ஸ் மூடியதற்குக் காரணங்கள் வேறு, அதையும் மேடைப் பொருளையும் ஒரே பத்தியில் கோத்திருக்கக் கூடாது. வேன்கார்ட் 2024இல் திரும்பியும் வந்துவிட்டது. அதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

கூட்டம் ஏன் குறைந்தது என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம் இன்னும் பழையது. டி.சி.ஐ. வருவதற்கு முன் கோர் என்பது ஊர்ச் சொத்து. தேவாலயம் நடத்தும், முன்னாள் படைவீரர் சங்கக் கிளை நடத்தும், சாரணர் குழு நடத்தும். தெருப் பிள்ளைகள்தான் வாசிப்பார்கள். பார்க்க வருவது அம்மா, மாமா, ரொட்டிக் கடைக்காரர், எதிர்வீட்டுப் பாட்டி. 1972இல் விஸ்கான்சினின் வைட்வாட்டரில் முதல் டி.சி.ஐ. போட்டி நடந்தது, அனாஹைம் கிங்ஸ்மென் ஜெயித்தது. கோர்கள் தங்கள் விதியைத் தாங்களே எழுதத் தொடங்கிய ஆண்டு. தரம் எங்கேயோ போய்விட்டது. ஆனால் இன்றைக்கு ஒரு பெரிய கோரின் வரிசையில் டெக்சாஸ் பிள்ளை, ஃபுளோரிடா பிள்ளை, ஜப்பானில் இருந்து விமானம் ஏறி வந்த பிள்ளை எல்லாரும் நிற்கிறார்கள். அந்தக் கோர் எந்த ஊரில் வாசித்தாலும் கேலரியில் சொந்தக்காரர் பத்துப் பேர்கூட இருப்பதில்லை.

மைக்கும் மேடையும் பழைய ரசிகர் சிலரை விரட்டியிருக்கலாம். ஆனால் எதிர்வீட்டுப் பாட்டி அதற்கு முன்பே வருவதை நிறுத்திவிட்டார். அவர் பார்க்க வந்த பேரப்பிள்ளை கோரில் இல்லையே.

அப்படியானால் இன்றைய சொந்தக்காரர் யார்? உள்ளூர்ப் பள்ளி பேண்டுகளின் குடும்பங்கள். எங்கள் ஊரைச் சுற்றி நாற்பது நிமிடக் காரோட்டத்துக்குள் பேண்ட் உள்ள உயர்நிலைப் பள்ளிகள் பதினான்கு. போன வருஷ டிக்கெட் பட்டியலை நேற்று உட்கார்ந்து பார்த்தேன். அந்த ஊர்களின் அஞ்சல் எண்ணில் இருந்து வாங்கியவர்கள் கைவிரலில் எண்ணும் அளவுதான். மற்றவர்கள் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி வந்த பழைய ரசிகர்கள்.

மார்ச் 9

"தொலைக்காட்சியில் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்கிறவர்களுக்கு. ஒரு காலத்தில் போட்டார்கள்.

நான் இந்த நாட்டுக்கு வந்த புதிது, 2000 வாக்கில். அறையில் கேபிள் இல்லை, ஆன்டெனாதான். ஒரு இரவு பொதுத் தொலைக்காட்சியான பி.பி.எஸ்.ஸில் ஏதோ மைதானம் தெரிந்தது, கால்பந்து என்று நினைத்து மாற்றப் போனேன். நூற்றுக்கு மேல் பிள்ளைகள், பின்பக்கம் நடந்தபடி வாசித்துக்கொண்டே ஒரு நேர்க்கோட்டை வட்டமாக வளைத்தார்கள். ஒரு கால்கூடத் தப்பவில்லை. கையில் இருந்த தட்டுச் சோறு ஆறிவிட்டது. அது என்ன என்று கேட்கக்கூட எனக்கு ஆள் தெரியாது. இரண்டு வருஷம் கழித்து அலென்டவுனில் ஜே. பர்னி க்ரம் மைதானத்தில் முதல் காட்சிக்கு டிக்கெட் வாங்கியபோதுதான் அதன் பெயர் டிரம் கோர் என்று சரியாகத் தெரிந்தது.

1970களில் தொடங்கி பல ஆண்டுகள் இறுதிப் போட்டியை பி.பி.எஸ். காட்டியது. 2005 முதல் 2007 வரை ஈ.எஸ்.பி.என். 2 என்ற விளையாட்டு அலைவரிசை. சினிமாத் தியேட்டரிலும் நேரலை காட்டினார்கள், நல்ல முயற்சி. இப்போது இணையத்தில் சந்தா கட்டிப் பார்க்க வேண்டும். சந்தா கட்டுகிறவர் ஏற்கெனவே ரசிகர். தேடாமலே தடுக்கி விழுந்து பார்த்த என்னைப் போன்றவன் இன்றைக்கு எங்கே தடுக்கி விழுவான்? டி.சி.ஐ.க்கும் சந்தாப் பணம் தேவை, அதைக் குறை சொல்லவில்லை. தொலைக்காட்சி செய்த அந்த வேலையை இனி ஊர்க்காரர்கள்தான் செய்தாக வேண்டும் என்கிறேன்.

மார்ச் 30

சங்கக் கூட்டம் முடிந்து வந்து எழுதுகிறேன். இலவச டிக்கெட் யோசனை மறுபடி எழுந்தது. நான் எதிர்த்தேன், காரணத்தை இங்கேயும் பதிவு செய்கிறேன்.

இரண்டு வருஷம் முன்பு பக்கத்துப் பள்ளிகளுக்கு 400 இலவச டிக்கெட் கொடுத்தோம். ஒவ்வொரு பள்ளி அலுவலகத்திலும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கேட்டில் திரும்பி வந்தவை 58. ஒரு பள்ளியில் உறை பிரிக்காமலே மேசையில் கிடந்ததை ஆகஸ்டில் பார்த்தேன். அன்றைக்கு மனசு ரொம்பச் சோர்ந்துவிட்டது. இலவசமாக வந்த தாளுக்காக யாரும் சனிக்கிழமை மாலையை ஒதுக்கி வைப்பதில்லை.

இந்த வருஷம் செய்யப் போவது: இரண்டு ஓரத்துக் கேலரியும் ஐந்து டாலர். நிபந்தனை ஒன்றே ஒன்று. பள்ளி பேண்ட் டி-ஷர்ட் போட்டிருக்க வேண்டும், எந்தப் பள்ளியாக இருந்தாலும் சரி. அவர்களோடு வரும் வீட்டாருக்கும் அதே ஐந்து டாலர். உயர்நிலைப் பள்ளியோடு நிற்காமல் நடுநிலைப் பள்ளிகளுக்கும் போகிறோம். ஐந்தாம் ஆறாம் வகுப்பில்தான் பிள்ளை எந்த வாத்தியம் என்று முடிவு செய்கிறது. அப்போது ஒரு டூபா வரிசை எதிரே வந்து நின்று ஊதினால் அது மறக்காது.

எனக்கும் பயம் இருக்கிறது. 25 கொடுத்து ஓரத்தில் உட்கார்ந்தவர்கள் ஐந்துக்கு மாறினால் அந்தப் பணம் போச்சு. போன வருஷம் அப்படி உட்கார்ந்தவர்கள் சுமார் 90 பேர். அதை ஈடு கட்ட 360 பேர் புதிதாக வர வேண்டும்.

ஏப்ரல் 14

கைக்குழந்தையோடு வரலாமா என்று கேட்டவருக்கு: வரலாம், காதை மூடும் ஹெட்போன் கட்டாயம். பித்தளை வரிசை கேலரியைப் பார்த்துத் திரும்பும்போது நெஞ்சுக்கூடு அதிரும். முன் வரிசை வேண்டாம்.

கனெக்டிகட் தம்பி எழுதியது பிடித்திருக்கிறது. ஊர்க் கோயில் கொடையில் நையாண்டி மேளத்துக்கு யாரும் டிக்கெட் வாங்குவதில்லை, தலைக்கட்டு வரியிலேயே எல்லாம் நடக்கிறது, இங்கே ஏன் முடியாது என்கிறார். வரி போட முடியாது தம்பி. ஆனால் அதை வைத்து ஒன்று தோன்றியது. பெரிய கம்பெனி ஒன்றிடம் 5,000 கேட்டு இரண்டு வருஷமாக அலைந்தோம், பதிலே இல்லை. முடிதிருத்துகிறவர், பல் மருத்துவர், டயர் கடை என்று ஐம்பது பேரிடம் நூறு நூறாகக் கேட்டால் என்ன? நூறு டாலர் கொடுத்தவர் தன் கடைக் கண்ணாடியில் காட்சிச் சுவரொட்டியையும் ஒட்டுவார். அன்றைக்கு வந்தும் பார்ப்பார்.

மே 25

31 கடைகள் கொடுத்துவிட்டார்கள். டயர் கடைக்காரர் நூறுக்குப் பதில் இருநூறு கொடுத்தார். இளமையில் ஸ்க்ராண்டன் பக்கத்தில் ஒரு கோரில் பாஸ் டிரம் வாசித்தவராம். பல வருஷமாக அவர் கடையில்தான் டயர் மாற்றுகிறேன், ஒரு நாளும் சொன்னதில்லை.

ஜூன் 29

அடுத்த சனிக்கிழமை காட்சி. ஒரு கோர் எங்கள் பள்ளியிலேயே தங்குகிறது, வெள்ளி விடியற்காலை வருகிறார்கள். வெள்ளி முழுதும் பயிற்சி. அதைப் பார்க்க யாருக்கும் தடையில்லை, காசும் இல்லை. அவர்கள் மேலாளரிடம் கேட்டுவிட்டோம். கோட்டுக்கு வெளியே நின்றால் போதும், நாயைக் கூட்டி வரலாம், பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுக்க மட்டும் சாப்பாட்டு நேரம் வரை பொறுக்க வேண்டும்.

சுற்று வட்டாரப் பள்ளி பேண்ட் ஆசிரியர்கள் எல்லாருக்கும் இதைத்தான் எழுதியிருக்கிறேன். டிக்கெட் பற்றி ஒரு வரி, பயிற்சி பற்றி ஒரு பக்கம்.

ஜூலை 6

நேற்று நடந்து முடிந்தது. கால் வலி, தூக்கம் இல்லை, ஆனாலும் மறக்கும் முன் எழுதுகிறேன்.

வெள்ளி காலை பத்து மணிக்கே பயிற்சி மைதான ஓரத்தில் இருபது முப்பது பேர் மடக்கு நாற்காலியோடு. மதியத்துக்குள் நூறைத் தாண்டிவிட்டது. பாதிப் பேர் பிள்ளைகள். டிரம் வரிசை தனியாக மரத்தடியில் ஒரே எட்டு மாத்திரையை முக்கால் மணி நேரம் வாசித்தது. மெட்ரோனோம் பெட்டி டக் டக் என்று அடிக்க, ஆசிரியர் கை தூக்குவார், நிறுத்துவார், இரண்டு வார்த்தை சொல்வார், மறுபடி. ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி பெரிய பாஸ் டிரம்முக்கு எதிரே ஆறடி தூரத்தில் நின்றாள். ஒவ்வொரு அடிக்கும் அவள் சட்டை நடுங்குவது எனக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளங்கையை விரித்துக் காற்றில் நீட்டி அந்த அதிர்வைப் பிடிக்கப் பார்த்தாள். இடைவேளையில் வாசித்த பையன் டிரம்மைக் கழற்றாமலே குனிந்து, அடிக்கும் குச்சியை அவள் கையில் கொடுத்து, "அடி" என்றான். அவள் அடித்த சத்தத்துக்கு வரிசை முழுதும் கை தட்டியது. அவள் அப்பா என்னிடம் வந்து நாளைக்கு எத்தனை மணிக்கு என்று கேட்டார். காட்சி இருப்பதே அவருக்கு அதுவரை தெரியாது. நாயை நடத்திக்கொண்டு வந்தவர்.

சனி மாலை ஐந்தரைக்கு ஐந்து டாலர் வரிசை பார்க்கிங் வரை நீண்டது. பச்சை, மெரூன், மஞ்சள் என்று விதவிதமான பேண்ட் டி-ஷர்ட்டுகள். ஒரு பள்ளி பேருந்தே வைத்து வந்துவிட்டது. ஏழு நாற்பதுக்கு மூன்றாவது கோர் முடிக்கும்போது மின்னல். இடி கேட்டால் கடைசி இடியில் இருந்து அரை மணி நேரம் யாரும் கேலரியில் இருக்கக் கூடாது. எல்லாரையும் பள்ளிக் கட்டடத்துக்குள் அனுப்பினோம். வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன், வயிற்றைக் கலக்கியது.

போகவில்லை. உள்ளே நடைக்கூடத்தில் ஒரு கோரின் பித்தளை வரிசை மழைக்கு ஒதுங்கி நின்றது. யார் சொன்னார்களோ தெரியாது, மெதுவாக ஒரு கோரல் (தேவாலயப் பாட்டுப் போன்ற நிதானமான இசை) வாசிக்க ஆரம்பித்தார்கள். நீளமான நடைக்கூடம், இரும்பு அலமாரிகள், எதிரொலி. பாப்கார்ன் விற்ற அம்மா கரண்டியை வைத்துவிட்டு நின்றார். நானும் கணக்குப் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு நின்றேன்.

ஒன்பதே காலுக்கு மறுபடி தொடங்கி, முடியும்போது மணி பதினொன்றரை. ஓரத்துக் கேலரியில் கடைசி வரை ஆள் இருந்தது.

ஜூலை 8

கணக்கு. ஐந்து டாலர் டிக்கெட் 612 விற்றது, ஆக 3,060 டாலர். பழைய ஓரத்து 90 பேர் மூலம் போன வருஷம் வந்தது 2,250. அங்கே மட்டும் 810 கூடுதல். பெரிய தொகை இல்லை. சிற்றுண்டிக் கடையில்தான் ஆச்சரியம். மழையில் எல்லாரும் உள்ளே அடைந்ததால் பாப்கார்னும் காபியும் தீர்ந்தேவிட்டன, போன வருஷத்தை விட 1,900 டாலர் அதிகம். அதற்குக் காரணம் இடி, எங்கள் திறமை இல்லை. அடுத்த வருஷக் கணக்கில் இதை எழுத மாட்டேன்.

தவறு ஒன்று செய்தோம். பார்க்கிங் பத்து டாலர் என்றே வைத்திருந்தோம். ஐந்து டாலர் டிக்கெட்டுக்கு வந்த குடும்பம் காரை நிறுத்தப் பத்து டாலர் கொடுத்தது. இரண்டு பேர் கேட்டில் முகம் சுளித்ததை நானே பார்த்தேன், ஒருவர் காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். கேள்வி கேட்ட அம்மா பிப்ரவரியிலேயே 170இல் பார்க்கிங்கையும் சேர்த்துத்தான் எழுதியிருந்தார். நான் டிக்கெட்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

ஜூலை 10

முந்தைய குறிப்பில் ஒரு திருத்தம். 612இல் 40 டிக்கெட் கடைக்காரர்களுக்கு நாங்களே கொடுத்தவை. விற்றது 572, பணம் 2,860. கூடுதல் 610 டாலர்தான்.

ஜூலை 27

கேள்வி கேட்ட அம்மா எழுதியிருக்கிறார், எல்லாரும் படித்திருப்பீர்கள். அவர் ஊர்ப் பக்கக் காட்சியில் அவரும் வீட்டுக்காரரும் கேட்டில் டிக்கெட் கிழித்தார்கள், பையன் தண்ணீர் பாட்டில் சுமந்தான், கடைசி நாலு கோரையும் நடுக் கேலரிப் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். செலவு பெட்ரோலும் ஒரு பிரெட்செல்லும். வீட்டுக்காரருக்கு ஆகஸ்டில் புது வேலையாம். படித்ததும் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஆகஸ்டில் இண்டியானாபோலிஸில் இறுதிப் போட்டிக்குப் போகலாமா என்று கேட்கிறீர்கள். லூகாஸ் ஆயில் மைதானம், கூரை உள்ளது, மழைக் கவலை இல்லை. இறுதி நாள் சனிக்கிழமை, அன்று பன்னிரண்டு கோர்தான், டிக்கெட்டும் விலை. வியாழன் நடக்கும் முதல் சுற்றைப் பார்த்தால் கொடுத்த காசுக்கு நிறையக் கோர்கள், காலையில் இருந்து இரவு வரை. உணவு கட்டிக்கொண்டு போய் இடைவேளையில் வெளியே வந்து சாப்பிடுங்கள். மதியத்துக்கு மேல் வெளியே கோர்கள் வாசித்துத் தயாராகும் இடத்தைத் தேடிப் போங்கள், அதற்கு டிக்கெட் கிடையாது. பையனை டிரம்பெட் வரிசைக்கு எதிரே நிறுத்துங்கள்.

ஆகஸ்ட் 19

அடுத்த ஜூலைக்கு மைதானம் பதிவாகிவிட்டது. பார்க்கிங் மூன்று டாலர், பேண்ட் டி-ஷர்ட் உள்ள காருக்கு ஒன்றுமில்லை. கணக்கில் எங்கே குறைகிறது என்று பார்த்து, நடு வரிசையை 35இல் இருந்து 38 ஆக்கியிருக்கிறோம்.

நாய் நடத்தியவர் இன்று பள்ளி வாசலில் பார்த்தார். மகளுக்கு இரண்டாம் வகுப்பு, பேண்டில் சேர இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. அதுவரை வீட்டில் அடிக்க என்ன வாங்கலாம் என்றார். பயிற்சிக்கான ரப்பர் தட்டும் ஒரு ஜோடிக் குச்சியும் போதும் என்று சொல்லியிருக்கிறேன். என் மகளின் தோழி ஒருத்தி பழையது வைத்திருக்கிறாள், சனிக்கிழமை வாங்கிக் கொடுக்கிறேன்.